வழி திறந்த ஆல்பம் எது? புதுச்சேரி ஞாயிறு கூட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முத்தியால்பேட்டையில் நண்பர் ஒருவரின் மாடி அறையில் அவ்வப்போது ஞாயிறு மாலைகளில் கூடுகிறோம். ஓர் ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை பேசாமல் கேட்பது, பிறகு பேசித் தீர்ப்பது. கடலூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள், காலாப்பட்டு பல்கலைக்கழக மாணவர்கள், ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியர் ஒருவர், நாகசுரம் பயிலும் இளைஞர் ஒருவர் என்று கலவையான கூட்டம். எந்த ஆல்பத்தைக் கேட்டாலும் பேச்சு கடைசியில் ஓரிடத்தில்தான் போய் நிற்கும்: எது உண்மையிலேயே புதுமையானது, எது பின்னால் வந்தவர்களுக்கு வழி திறந்தது?

புதிதாக வருகிறவர்கள் அதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். எழுதி வைத்துவிட்டால் தேநீர் ஆறுவதற்குள் குடிக்கலாமே என்று தொகுத்தேன். கேள்விகள் கேட்டவர்களுடையவை. பதில்கள் என்னுடையவை, கூட்டத்தில் பாதிப் பேர் இவற்றை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஆல்பம் என்றால் என்ன சார்? சினிமாப் பாட்டு கேசட்டும் ஆல்பம்தானே?

பழைய 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்றரை நிமிடம்தான் இடம். இரவெல்லாம் ராகம் வாசிக்கிற நாகசுர வித்வானும் அந்த அளவுக்குள் சுருக்கித்தான் தட்டுக்கு வாசித்தாக வேண்டும். 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் எல்.பி. தட்டைக் கொண்டுவந்தது. ஒரு பக்கத்திலேயே இருபது நிமிடத்துக்கு மேல் பதிக்கலாம். நாற்பது நிமிடத்தை ஒரே படைப்பாக எண்ணிப் பார்க்கும் வசதி இசைக்கலைஞருக்கு அதன் பிறகுதான் வந்தது.

எங்கள் கணக்கில், சேர்த்துக் கேட்பதற்கென்றே ஒருவர் வரிசைப்படுத்தி வெளியிட்ட இசை எல்லாம் ஆல்பம். தட்டோ, கேசட்டோ, இணையமோ, எதில் வந்தாலும் சரி. சினிமாப் பாடல் தொகுப்பும் உண்டு. அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அதைப் பின்னால் தனிக் கேள்வியில் பார்ப்போம்.

புதுமையானது என்றாலும் வழி திறந்தது என்றாலும் ஒன்றுதானே? ஏன் பிரித்துப் பேசுகிறீர்கள்?

பிரிக்காவிட்டால் விவாதம் முடியவே முடியாது. புதுமை ஆல்பத்துக்கு உள்ளே இருக்கிறது. தட்டை மட்டும் கேட்டே அதைச் சொல்லிவிடலாம். வழி திறந்ததா என்பதைச் சொல்ல, அதற்குப் பின் வந்த தட்டுகளைக் கேட்க வேண்டும். 1968இல் வெண்டி கார்லோஸ் வெளியிட்ட ‘ஸ்விட்ச்டு ஆன் பாக்’ ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இசை முழுவதும் பதினெட்டாம் நூற்றாண்டின் பாக் எழுதியது. ஆனால் வாசித்தது மூக் சின்தசைசர் என்ற மின்னணுக் கருவியில். அந்தக் கருவியில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் ஒலிக்கும் என்பதால் ஒவ்வோர் இழையையும் தனித்தனியாகப் பதிந்து அடுக்கினார். மின்னணுக் கருவி ஆய்வுக்கூடத்தின் விளையாட்டுப் பொருள் என்ற எண்ணம் அந்த ஒரு தட்டோடு போய்விட்டது. மெட்டில் புதுமை இல்லை, வழி திறந்தது.

வழியில் நடந்தவர்களின் காலடியைக் காட்ட முடிந்தால் இன்னும் நல்லது. ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு 1977இல் வெளியிட்ட ‘ட்ரான்ஸ் யூரோப் எக்ஸ்பிரஸ்’ ஆல்பத்தின் மெட்டு, 1982இல் நியூயார்க்கில் ஆஃப்ரிகா பம்பாட்டாவின் ‘பிளானட் ராக்’ பாட்டில் வருகிறது. ஹிப்ஹாப்பும் மின்னணு நடன இசையும் அங்கிருந்து கிளைத்தன. இப்படி விரல் வைத்துக் காட்டினால் கூட்டத்தில் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

எனக்கு அந்த ஆல்பம் பிடித்திருக்கிறது அண்ணா. அது போதாதா?

கேட்பதற்குப் போதும். வாதாடுவதற்குப் போதாது. பிடித்திருக்கிறது என்றால் எங்கள் கூட்டத்தில் அடுத்த கேள்வி உடனே வரும்: எந்த இடத்தில்? எந்தப் பாட்டில், எத்தனையாவது நிமிடத்தில் உங்கள் காது நிமிர்ந்தது என்று சொல்லுங்கள். அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டுக் கேட்போம். இதைத் தவிர வேறு சட்டம் எதுவும் எங்களிடம் இல்லை.

எத்தனை விற்றது என்று பார்த்தால் தெரிந்துவிடுமே, எதற்கு இத்தனை சண்டை?

விற்பனை எத்தனை காதுகளை அடைந்தது என்பதைச் சொல்லும். பிங்க் ஃபிளாய்டின் ‘டார்க் சைட் ஆஃப் தி மூன்’ 1973இல் வந்தது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 700 வாரங்களுக்கு மேல் இருந்தது. நல்ல ஆல்பம்தான். 1967இல் வந்த வெல்வெட் அண்டர்கிரவுண்டின் முதல் ஆல்பத்தை அன்றைக்குச் சீந்துவார் இல்லை. பங்க் இசைக்காரர்கள் பிற்பாடு மூதாதை என்று கைகாட்டியது அதைத்தான்.

ரோலிங் ஸ்டோன் போன்ற பத்திரிகைகள் பட்டியலே போட்டுவிட்டன. அதைப் பார்த்துச் சொன்னால் முடிந்ததே?

ரோலிங் ஸ்டோன் 2003இல் போட்ட 500 ஆல்பங்கள் பட்டியலில் முதலிடம் பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஆல்பத்துக்கு. 2020இல் புதிதாக வாக்கெடுத்தபோது மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ முதலிடத்துக்கு வந்தது. பெப்பர் 24ஆம் இடத்துக்கு இறங்கியது. இரண்டு தட்டுகளிலும் ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை. வாக்களித்தவர்கள் மாறினார்கள். பட்டியலைப் படித்தால் கேட்கப்பட்டவர்கள் யார் என்பது தெரியும். கடம் வாசிக்கிறவரையும் ஓதுவாரையும் கேட்டு யாரும் அந்தப் பட்டியலைப் போடவில்லை.

ஆனாலும் பட்டியலை வெறுக்க வேண்டியதில்லை. அடுத்து எதைக் கேட்கலாம் என்று தெரியாதவருக்கு அது நல்ல துணை.

அந்த ‘பெப்பர்’ ஆல்பத்தைக் கேட்டேன். சாதாரணமாகத்தான் இருக்கிறது. என்ன பெரிய விஷயம்?

சாதாரணமாக இருப்பதற்குக் காரணம், அதன் பிள்ளைகளையும் பேரன்களையும் நீங்கள் முதலில் கேட்டுவிட்டீர்கள். 1966 ஆகஸ்டோடு பீட்டில்ஸ் மேடைக் கச்சேரிகளை நிறுத்திக்கொண்டார்கள். மேடையில் வாசிக்க முடியுமா என்ற கவலை போனது. அந்த ஆண்டின் இறுதியிலிருந்து சில மாதங்கள் லண்டன் ஒலிப்பதிவுக்கூடத்திலேயே கிடந்தார்கள். கையில் இருந்தது நான்கு தடப் பதிவுக் கருவி. நான்கும் நிரம்பினால் அவற்றைக் கலந்து வேறொரு நாடாவில் ஏற்றி, காலியான தடங்களில் மேலும் பதிவார்கள். கடைசிப் பாட்டில் ‘எந்த இடம்’ என்று கேட்டால் தயங்காமல் காட்டலாம்: 40 பேர் கொண்ட வாத்தியக் குழு, அவரவர் கருவியின் அடி ஸ்வரத்தில் தொடங்கி 24 அளவைகளுக்குள் (அளவை என்றால் தாளத்தின் ஒரு சுற்று) உச்சிக்கு ஏறுகிறது. எப்படி ஏறுவது என்பது அவரவர் பாடு. ஒலிப்பதிவுக்கூடமே ஒரு வாத்தியமாக ஆகிவிட்ட இடம் அது. பாட்டு வரிகளை அட்டையின் பின்புறம் முழுக்க அச்சிட்டதும் அப்போது புதிது.

என்னைக் கேட்டால், அதற்கு முந்தைய ஆண்டு வந்த அவர்களின் ‘ரிவால்வர்’ ஆல்பத்தையே மேலே வைப்பேன். அதன் கடைசிப் பாட்டில் தம்பூரா விடாமல் ஒலிக்கிறது. லண்டன் காதுக்கு அது அதிசயம். சுருதிப்பெட்டியோடு வளர்ந்த நமக்கு அதில் என்ன இருக்கிறது? நாம் காது கொடுக்க வேண்டியது அதன்மேல் பறந்து போகும் ஒலிகளுக்கு. துண்டு நாடாக்களை வளையமாக ஒட்டிச் சுழலவிட்டு, வேகத்தை மாற்றிக் கலந்தவை அவை.

ராகம் வாசிக்கிறவனுக்கு ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் என்ன புதுமை ஐயா? ஒரு ராகத்தில் நின்று விரிப்பதுதானே நம் அன்றாட வேலை?

இதைக் கேட்டவர் நாகசுர மாணவர். கூட்டத்தில் எழுந்த கேள்விகளிலேயே இதுதான் எனக்குப் பிடித்தது. அமெரிக்க ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959இல் மார்ச்சில் ஒரு நாள், ஏப்ரலில் ஒரு நாள், இரண்டு அமர்வுகளில் பதிந்து முடித்த ஆல்பம் அது. அன்றைய ஜாஸில் சுரக்கூட்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) சரசரவென்று மாறிக்கொண்டே இருக்கும். வாசிக்கிறவர் அவற்றைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டும். டேவிஸ் அந்த ஓட்டத்தை நிறுத்தினார். ஒரே ஸ்வர வரிசையில் நிதானமாக நின்று கற்பனை செய்யுங்கள் என்று குழுவுக்குக் குறிப்புகளை மட்டும் கொடுத்தார்.

முதல் உருப்படியில் வரும் ஸ்வர வரிசையை அவர்கள் டோரியன் என்பார்கள். ஸ்வரங்களை எண்ணிப் பார்த்தால் நம் கரகரப்பிரியா. ஆகவே ‘ஒன்றில் நிற்பது’ நமக்குப் புதிதல்ல, அவர்கள் வீட்டில்தான் புதிது. ஆனால் முதல் 16 அளவைகள் முடிந்ததும் மொத்தமும் அரை ஸ்வரம் மேலே தாவி, எட்டு அளவைகள் அங்கேயே இருந்துவிட்டு, பழைய இடத்துக்குத் திரும்புகிறது. நம் கச்சேரியில் பாட்டின் நடுவே ஆதார சட்ஜம் நகராது. அந்தத் தாவலைக் கேட்டதும் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்த வீட்டில் நின்று கேட்கிறோமோ அதைப் பொறுத்துப் புதுமை இடம் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லை.

முதலில் செய்தவருக்குத்தானே பெருமை போக வேண்டும்?

எப்போதும் அப்படி அமையாது. சரண்ஜித் சிங் என்ற பம்பாய் சினிமா வாத்தியக் கலைஞர் 1982இல் பத்து இந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து ஓர் ஆல்பம் வெளியிட்டார். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் அப்போதுதான் சந்தைக்குக் கொண்டுவந்திருந்த டிபி 303, தாளத்துக்கான டிஆர் 808 ஆகிய கருவிகளை வைத்துப் பதிந்தது. டிபி 303 பேஸ் கிதாருக்கு மாற்றாக விற்கப்பட்ட சின்னப் பெட்டி. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் வசதி அதில் உண்டு. பைரவ் ராகத்துக்கு அந்த வழுக்கல் எத்தனை பொருந்துகிறது என்று கேட்டுப் பாருங்கள். தட்டு விற்கவில்லை, மறந்துபோனார்கள்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1987இல், சிகாகோவில் ஃப்யூச்சர் என்ற குழு அதே பெட்டியைத் திருகித் திருகி ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற நடன இசையைத் தொடங்கிவைத்தது. 2010இல் சரண்ஜித் சிங்கின் தட்டு மறுவெளியீடு கண்டபோது உலகம் வாயைப் பிளந்தது: அதே ஒலி! ஆனால் சிகாகோக்காரர்கள் பம்பாய்த் தட்டைக் கேட்டுச் செய்யவில்லை. எனவே இரண்டாம் கேள்வியில் சொன்ன பிரிவினையின்படி, புதுமைக்கு முழு மதிப்பெண் சரண்ஜித் சிங்குக்கு. வழி திறந்தது சிகாகோ. இந்தத் தீர்ப்பைச் சொன்ன அன்று கூட்டம் இரண்டாகப் பிளந்தது. நான் மாற்றிக்கொள்வதாக இல்லை.

பாரிஸில் இருக்கும் என் மாமா, ‘பிரெஞ்சு ஆல்பங்களை யாரும் மதிப்பதில்லை’ என்று குறைப்பட்டுக்கொள்கிறார். உண்மையா?

மாமா சொல்வது சரி. வாதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பதால் ஆங்கிலப் பாட்டுகளே முன்னால் வந்து நிற்கின்றன. இந்த ஊரில் நாமாவது அந்தத் தவறைச் செய்ய வேண்டாம். செர்ஜ் கேன்ஸ்பூர் 1971இல் வெளியிட்ட ‘மெலடி நெல்சன்’ அரை மணி நேரம்கூட ஓடாது. ஒரே கதை, முணுமுணுப்பாகச் சொல்லப்படுகிறது, பின்னால் பேஸ் கிதாரும் பெரிய வயலின் கூட்டமும். ழான் மிஷெல் ழார் 1976இல் ‘ஆக்ஸிஜீன்’ ஆல்பத்தைத் தன் வீட்டிலேயே பதிந்தார். அவர்களுக்கெல்லாம் முன்னோடி, ரயில் ஓசைகளைப் பதிந்து வெட்டி ஒட்டி 1948இலேயே இசையாக்கிய பியர் ஷேஃபர். ஜூன் 21ஆம் தேதி இசை விழாவில் அல்லயான்ஸ் பிரான்சேஸ் பக்கம் போகிற மருமகப்பிள்ளைகள் இவர்களின் பெயரையாவது தெரிந்துகொள்வது நல்லது.

இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ உலகத் தரமா, இல்லை நாம் தமிழர்கள் என்பதால் தூக்கிப் பிடிக்கிறோமா?

1986இல் வந்தது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட ஆல்பம், வயலின் வி.எஸ். நரசிம்மன். ‘எந்த இடம்’ என்ற கேள்விக்கு, பாக்கைத் தன் வீட்டில் சந்தித்ததாகப் பெயரிட்டிருக்கும் உருப்படியைக் காட்டுவேன். பாக் தனி வயலினுக்கு எழுதிய ஒரு முகப்பு இசை ஓடிக்கொண்டிருக்கும்போதே நம் பாணிக் கமகங்களோடு இன்னொரு வயலின் இழை வந்து சேர்கிறது. ஒன்று மற்றதற்குப் பக்கவாத்தியமாகிவிடுவதில்லை. இரண்டும் தன் போக்கில் நிமிர்ந்தே நடக்கின்றன. இழைமேல் இழை ஓட்டும் மேற்கத்திய முறையில் ராகத்தை நுழைத்தால் ராகத்தின் முகம் கெட்டுவிடும் என்பதுதான் பழைய அச்சம். இங்கே கெடவில்லை. தமிழர் என்ற சலுகை அதற்குத் தேவைப்படாது.

வழி திறந்ததா என்றால் எனக்குத் தயக்கம் இருக்கிறது. சினிமாவுக்கு வெளியே, வாத்திய இசையாக, அந்த வழியில் தொடர்ந்து நடந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. அது வழியைத் திறந்தவரின் குறையல்ல.

சினிமாப் பாட்டு காட்சிக்காகச் செய்தது. அதைப் போய் பீட்டில்ஸோடு சேர்க்கலாமா?

பாக் தேவாலயத்துக்குச் செய்தார், நாகசுரம் சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கப்பட்டது. யார் கேட்டுச் செய்தது என்பதால் இசை தாழ்ந்துவிடாது. முதல் பதிலில் சொன்ன வில்லங்கம் வேறு: சினிமாத் தொகுப்பில் பாடல்களின் வரிசைக்குப் பொருள் இருப்பது அரிது. தலைவனுக்கு ஒரு பாட்டு, ஊருக்கு ஒரு பாட்டு, சோகத்துக்கு ஒரு பாட்டு. நாற்பது நிமிடத்தை ஒரே படைப்பாக எண்ணும் ஆல்பத்தோடு அதை ஒப்பிட்டால் அந்த ஒரு விஷயத்தில் தோற்கும்.

ஒலியில் தோற்காது. 1992இல் ‘ரோஜா’ வந்தபோது மாறியது மெட்டு மட்டும் இல்லை. அதுவரை வாத்தியக்காரர்கள் கூடத்தில் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்க, பாட்டு பெரும்பாலும் ஒரே மூச்சில் பதிவாகும். ஏ.ஆர். ரகுமான் தன் வீட்டை ஒட்டிய ஒலிப்பதிவுக்கூடத்தில் கணினியின் துணையோடு அடுக்கடுக்காகச் சேர்த்தார். அடித்தளத்தில் கனமான பேஸ், நடுவே காலி இடம், மேலே குரல். அந்தக் காலி இடம்தான் எனக்கு முக்கியம். பிறகு பத்து ஆண்டுகளுக்குள் இந்தியா முழுதும் சினிமா இசை செய்யும் முறையே அப்படி ஆகிவிட்டது. வழி திறந்த இந்திய ஆல்பம் என்று ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

சிதம்பரத்துக்காரன் நான். ஓதுவார் குரலில் திருவாசகம் கேட்டு வளர்ந்தவனுக்கு, அந்த சிம்பொனித் திருவாசகம் உறுத்துகிறது. நான் பழமைவாதியா?

இல்லை. மாணிக்கவாசகர் இறைவனோடு கலந்ததாகச் சொல்லப்படும் தில்லை உங்கள் ஊர், உரிமையோடு உறுத்தலாம். ஓதுவார்கள் திருவாசகத்தை மோகனத்தில் பாடுவது மரபு. ஒரே ராகம், சொல்லே முதன்மை. 2005இல் வந்த இளையராஜாவின் ஆல்பத்தில் ஹங்கேரியின் புடாபெஸ்ட் வாத்தியக் குழு வாசிக்கிறது. ஒரு பாடலில் ஆங்கில வரிகளும் உண்டு. சொல்லைப் பின்தொடர்ந்த காதுக்கு, நூறு வயலின்கள் எழும்போது சொல் எங்கே என்று தேடத் தோன்றும்.

துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் 1986 ஆல்பத்தில் இரண்டு மரபுகளும் ஒன்றையொன்று உரசின. இங்கே சில இடங்களில் வாத்தியக் குழு பின்திரையாக நின்றுவிடுகிறது என்பது என் எண்ணம். கடலூர் நண்பர்கள் இருவர் இதற்காக என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

ஃப்யூஷன் என்றாலே இரண்டு இசையையும் கெடுப்பதுதானே?

பெரும்பாலும். ‘சக்தி’ குழுவின் முதல் ஆல்பம் விலக்கு. 1975இல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் நேரடி நிகழ்ச்சியாகப் பதிந்து அடுத்த ஆண்டு வெளியானது. ஜான் மெக்லாக்லின் கிதார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம். மெக்லாக்லின் தன் கிதாரின் விரல்பலகையைக் குழித்துச் செதுக்கச் செய்தார். தந்தியை அழுத்தி வளைத்துக் கமகம் கொண்டுவர அது உதவியது. கருவியையே மாற்றிக்கொண்டு வந்தவரோடு சேர்ந்து வாசித்ததால்தான் அது கெடவில்லை.

அடுத்தவர் பாட்டை வெட்டி ஒட்டி ராப் செய்வதெல்லாம் படைப்பா? திருட்டு இல்லையா?

அனுமதி, பணம் எல்லாம் சட்டத்தின் பாடு. அதில் அசலைச் செய்தவருக்கு உரியது போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. படைப்பா என்பது வேறு கேள்வி. டிஜே ஷேடோ 1996இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தைப் பழைய தட்டுகளின் துண்டுகளைக் கொண்டே கட்டினார். துண்டுகளின் சொந்தக்காரர்கள் கேட்டாலும் தங்கள் பாட்டு என்று சட்டெனச் சொல்ல மாட்டார்கள்.

நமக்கு நெருக்கமான சான்று, ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பெண்ணான எம்.ஐ.ஏ. 2007இல் தன் தாயின் பெயரைச் சூட்டி வெளியிட்ட ‘கலா’. அதில் உருமி வருகிறது. அலங்காரத்துக்கு இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போகாமல், பாட்டையே தூக்கிச் சுமக்கிறது. நம் ஊர்த் திருவிழாவில் கேட்கும் அந்த முனகல் லண்டன் நடனக் கூடத்தில் ஒலித்தது. தமிழிலேயே ராப் என்றால் மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா கூட்டணியின் ‘வல்லவன்’, 2006. இன்று சினிமாவில் ராப் பாடாத படம் அபூர்வம் என்பதால், வழி திறந்ததா என்று நான் நிறுவ வேண்டியதில்லை.

இதையெல்லாம் கேட்க இசைத்தட்டுதான் வாங்க வேண்டுமா?

வேண்டாம். கைபேசியும் சுமாரான ஹெட்போனும் போதும். பாடல்களைக் கலைத்துப் போடும் வசதியை மட்டும் அணைத்துவிடுங்கள். தட்டுதான் வேண்டும் என்கிறவர்கள் காந்தி வீதி ஞாயிறு சந்தையில் தேடலாம். வாங்கும் முன் தட்டைக் கண்மட்டத்தில் பிடித்துப் பாருங்கள். வெயிலில் கிடந்து வளைந்திருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

அடுத்த கூட்டத்துக்கு நானும் ஓர் ஆல்பம் கொண்டு வரலாமா?

தாராளமாக. ஒன்று போதும், நீளம் ஒரு மணி நேரத்துக்குள். அட்டையில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்ட வேண்டாம், பத்திரிகைத் தரவரிசையைச் சொல்ல வேண்டாம். உங்கள் காது நிமிர்ந்த இடத்தின் நிமிடத்தை ஒரு தாளில் குறித்து மடித்துக் கொடுங்கள். கேட்டு முடித்த பிறகுதான் பிரிப்போம். கடலூர் திரும்ப வேண்டியவர்கள் சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள் என்பதால் சரியாக ஐந்து மணிக்குத் தொடங்குகிறோம்.